கம்பத்தின் மீது இரண்டு காட்சிகள்

‘கரண்ட் பிடித்துக்கொண்டது’ என்று நம் ஊரில் சொல்வார்கள். பாடநூலில் ‘மின்சாரம் தாக்கியது’ என்று எழுதுகிறோம். பேச்சில் ‘ஷாக் அடித்தது’ என்கிறோம். ஆனால் உயிர் போன, அல்லது போகவிருந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல நேரும்போது மட்டும் ‘அடித்தது’ மறைந்து ‘பிடித்துக்கொண்டது’ வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை எந்த அகராதியும் நமக்குச் சொல்லவில்லை. கம்பியைத் தொட்டவர்களையும் தொட்டு மீளாதவர்களையும் பார்த்தவர்களே அதை உருவாக்கினார்கள்.

எனக்கு இச்சொல்லின் பொருளை விளக்கியவர், நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்த்த ஓர் அண்ணன். வீட்டுச் சுவரில் பழைய பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தவர், வேடிக்கை பார்க்க நின்ற என்னிடம், “உள்ளங்கையை வைச்சுடாதே தம்பி. புறங்கையால தொட்டுப் பாரு. உள்ளங்கைன்னா பிடிச்சுக்கும், விடாது” என்றார். இன்று எந்தப் பயிற்சியாளரும் இந்த முறையை ஒப்புக்கொள்ளமாட்டார். சோதிக்கும் கருவியில்லாமல் கம்பியைத் தொடவே கூடாது என்பதுதான் விதி. எனினும் அந்த அண்ணன் சொன்னதில் ஓர் அறிவியல் இருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். மின்சாரம் நம்மைப் பிடிப்பதில்லை. நம் முன்கைத் தசைகள் மின்னோட்டத்தால் இறுகி, நம் கையே கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. விரலை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலியவை. அதனால் புறங்கை பட்டால் கை விலகக்கூடும். உள்ளங்கை பட்டால் இறுகும்.

இந்த ஓர் உண்மையை அளந்து எண்ணாக எழுதுவதற்கு உலகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. அதற்குள் இறந்தவர்கள் பெரும்பாலும் தொழிலாளர்கள். மின்சாரத்தின் வரலாறு என்றால் எடிசன், டெஸ்லா, வெஸ்டிங்ஹவுஸ் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். கம்பத்தில் ஏறியவர்களின் பக்கத்திலிருந்து அதே வரலாற்றைப் பார்த்தால் அது எப்படி இருக்கும் என்பதே இக்கட்டுரையின் நாட்டம்.

* * *

மின்னாக்கியால் நேர்ந்த முதல் மரணங்களில் ஒன்று என மருத்துவ நூல்கள் குறிப்பது 1879ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் நிகழ்ந்தது. இறந்தவர் நாடக அரங்கில் வேலை பார்த்த ஒரு தச்சர். மேடைக்கு ஒளி தந்த கருவியின் 250 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் அவரைக் கொன்றது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1881 ஆகஸ்டில், அமெரிக்காவின் பஃபலோ நகர மின்நிலையத்துக்குள் குடிபோதையில் நுழைந்த ஒருவர் டைனமோவைத் தொட்டு இறந்தார். அந்த மரணத்திலிருந்து கற்றுக்கொள்ள எவ்வளவோ இருந்தது. அவரைப் போல ஒருவர் உள்ளே நுழையாமலிருக்க என்ன வேலி வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அந்த டைனமோவின் அருகில் நாள் முழுதும் நிற்கும் தொழிலாளியை எப்படிக் காப்பது என்று யோசித்திருக்கலாம். அவ்வூர்ப் பல்மருத்துவர் ஆல்ஃபிரட் சவுத்விக் வேறொன்றை யோசித்தார். ‘இவ்வளவு விரைவாக உயிர் போகுமானால், தூக்குக் கயிற்றுக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாமே!’ அந்த யோசனையே வளர்ந்து 1888இல் நியூயார்க் மாநிலச் சட்டமாயிற்று. 1890 ஆகஸ்ட் 6 அன்று ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லர் என்ற கைதி மின்நாற்காலியில் அமர்த்தப்பட்டார்.

மின்சாரம் மனித உடலை என்ன செய்கிறது என்ற கேள்வியை அரசு முதன்முதலில் பொருட்படுத்திக் கேட்டது, கொல்வதற்காகத்தான். எத்தனை வோல்ட் போதும், எங்கே இணைக்க வேண்டும் என்பதற்குச் சோதனைகள் நடந்தன. நாய்களும் கன்றுகளும் குதிரையும் பலியாயின. 1889 ஜூலையில் நடந்த விசாரணையில் எடிசனே சாட்சி சொன்னார். எவ்வளவு வரை தாங்கலாம், எப்படி மீட்கலாம் என்ற கேள்விகளுக்கு அப்போது யாரும் பணம் ஒதுக்கவில்லை.

* * *

அந்த ஆண்டுகளின் நியூயார்க் நகரத்தை நிழற்படங்களில் பார்த்தால் வானம் தெரியாது. தந்திக் கம்பி, தொலைபேசிக் கம்பி, தீயணைப்பு எச்சரிக்கைக் கம்பி, பங்குச்சந்தை விலை சொல்லும் கம்பி என எல்லாம் ஒரே கம்பத்தில் குறுக்குச்சட்டம் குறுக்குச்சட்டமாக ஏறிக்கொண்டே போகும். 1880களில் இவற்றோடு தெருவிளக்குகளுக்கான உயர் அழுத்தக் கம்பிகளும் சேர்ந்தன. போட்டி நிறுவனங்கள் பல, பொறுப்பேற்பவர் எவருமில்லை. திவாலான நிறுவனத்தின் கம்பியை யாரும் அகற்றுவதில்லை. அது அறுந்து மற்றொரு கம்பியின்மேல் விழுந்து கிடக்கும். கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்க வேண்டும் என்று 1884லேயே சட்டம் வந்திருந்தும் நிறுவனங்கள் நாளைக் கடத்தின. 1888 மார்ச்சில் வீசிய பெரும் பனிப்புயல் கம்பிகளைச் சாய்த்துப் போட்டது. அடுத்த சில வாரங்களில் தொங்கிய கம்பிகள் உயிர்களைக் குடிக்கத் தொடங்கின.

தந்திக் கம்பியில் ஓடுவது வலுவற்ற மின்னோட்டம். அதைக் கையால் பிடித்து வேலை செய்வது அக்காலத் தொழிலாளரின் வழக்கம். இந்த வழக்கத்துக்கும் புதிதாக வந்த உயர் அழுத்தத்துக்கும் இடையில்தான் ஜான் ஃபீக்ஸ் அகப்பட்டார்.

1889 அக்டோபர் 11. வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தின் கம்பியாளரான ஃபீக்ஸ், மன்ஹாட்டனில் சேம்பர்ஸ் தெருவும் சென்டர் தெருவும் சந்திக்கும் இடத்தில், நகர மன்றத்துக்கு அருகிலேயே, கம்பத்தில் ஏறிப் பயனற்ற கம்பிகளை அகற்றிக்கொண்டிருந்தார். மதிய உணவு வேளையானதால் தெரு முழுதும் ஆட்கள். அவர் பிடித்தது தந்திக் கம்பி. ஆனால் அது வேறோர் இடத்தில் விளக்குக் கம்பியோடு உரசிக்கொண்டிருந்தது. ஃபீக்ஸுக்கு அது தெரிய வழியே இல்லை. உடல் கம்பி வலையின்மேல் சாய்ந்தது. முக்கால் மணி நேரத்துக்கும் குறையாமல் அங்கேயே கிடந்தது. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீலச் சுடர் எழுந்ததாக மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின. கீழே ஆயிரக்கணக்கானோர் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தனர். அவருடைய சக தொழிலாளர்களாலும் உடனே நெருங்க இயலவில்லை. எந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கிறது, எதில் இல்லை என்று சொல்லக்கூடியவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

இளம் மனைவிக்காக அக்கம்பத்தில் ஒரு பெட்டியை அடித்து மாட்டினார்கள்; வழிப்போக்கர்கள் காசு போட்டார்கள். ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு அன்று இருந்த காப்பீடு அந்தப் பெட்டிதான்.

* * *

ஃபீக்ஸின் மரணம் நகரத்தை உலுக்கியது. மேயர் ஹியூ கிராண்ட் ஆபத்தான கம்பிகளை நிறுத்த ஆணையிட்டார். நிறுவனங்கள் நீதிமன்றத்தில் தடை வாங்கின. டிசம்பரில் தடை நீங்கியதும் மாநகராட்சி ஆட்கள் கோடரியோடு வந்து கம்பங்களை வெட்டிச் சாய்த்தனர். எடிசன் நவம்பர் மாதத்து ‘நார்த் அமெரிக்கன் ரெவ்யூ’ இதழில் மின்விளக்கின் ஆபத்துகளைப் பற்றி எழுதினார். கம்பியைப் புதைத்தால் மட்டும் போதாது, அழுத்தத்துக்கே வரம்பு வேண்டும் என்பது அவர் வாதம். டிசம்பர் இதழில் வெஸ்டிங்ஹவுஸ் மறுப்பு எழுதினார். இதனை நேர்திசை, மாறுதிசை மின்னோட்டங்களின் போர் என்று பாடநூல்கள் வருணிக்கின்றன. ஃபீக்ஸ் அதில் இரு தரப்பும் தத்தம் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட சான்று. அதற்கு மேல் அவருக்கு இடமில்லை.

மன்ஹாட்டனின் கம்பிகள் மண்ணுக்குள் போயின. தெருவில் நடப்பவர் தலைக்கு மேலிருந்த ஆபத்து நீங்கியது. அமெரிக்காவின் மற்ற ஊர்களிலோ கம்பங்கள் மேலும் மேலும் நடப்பட்டன. அவற்றில் ஏறுபவர்களுக்காக எந்த விதியும் எழுதப்படவில்லை. 1889 அக்டோபரில் நியூயார்க் கண்ணீர் சிந்தியது உண்மை. ஆனால் ‘இந்தக் கம்பி நாளை என்மேல் விழுமோ?’ என்ற அச்சமும் அந்தக் கண்ணீரில் கலந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அச்சம் தீர்ந்தவுடன் கண்ணீரும் வற்றியது.

இதற்கு மற்றொரு சான்று உண்டு. 1897இல் அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு வெளியாயிற்று. கட்டடக் கலைஞர்கள், மின்துறையினர் ஆகியோருடன் காப்பீட்டு நிறுவனங்களும் கூடி உருவாக்கிய தொகுப்பு அது. மின்கசிவால் கட்டடங்கள் தீப்பற்றி எரிந்து இழப்பீடு கொடுத்துச் சலித்தவர்கள் காப்பீட்டுக்காரர்கள். ஆகவே தீ விபத்தே அதன் முதற்கவலை. நம் வீடுகளில் உள்ள பியூஸ் கட்டையையும் இந்த நோக்கில் பார்க்கலாம். ஐந்து ஆம்பியர் பியூஸ் ஒன்று கம்பி சூடேறிச் சுவர் எரியாமல் காக்கும். மனிதனைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்கு மின்னோட்டமே போதும். மனிதன் இறந்துகொண்டிருப்பது பியூஸுக்குத் தெரியாது. காப்பீடு செய்யப்பட்ட பொருளுக்குப் பாதுகாப்பு முந்தி வந்தது. கம்பியாளருக்குக் காப்பீடு தர அன்று நிறுவனங்கள் முன்வரவில்லை.

* * *

1890இல் மிஸ்ஸூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஒரு பொருட்காட்சி நடந்தது. மின்விளக்கு அலங்காரமே அதன் பெருமை. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கம்பியாளர்கள் அந்த வேலைக்கு வந்திருந்தனர். பகலில் விளக்குகளைப் பூட்டிவிட்டு இரவில் கூடிப் பேசியபோது, எல்லோருடைய கதையும் ஒன்றாகவே இருந்தது. பன்னிரண்டு மணி நேர வேலை. தேர்ந்த கம்பியாளருக்கே மணிக்குப் பதினைந்து முதல் இருபது சென்ட் கூலி. பயிற்சி என்று எதுவுமில்லை. ஏறித்தான் கற்க வேண்டும். சில பகுதிகளில் வேலைக்குச் சேர்ந்த இருவரில் ஒருவர் அந்த வேலையிலேயே இறந்தார் என்று அத்தொழிற்சங்கத்தின் வரலாறு பதிவு செய்கிறது.

இவர்களை ஒன்றுசேர்த்தவர் ஹென்றி மில்லர். டெக்சாசில் பிறந்தவர்; கம்பியாளர். ஊர் ஊராகப் போய், கிடைத்த வேலையைச் செய்துகொண்டே, சக தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்த்தார். பயணச்சீட்டுக்குக் காசில்லாத நாட்களில் சரக்கு ரயிலில் போனார். 1891 நவம்பர் 21 அன்று செயிண்ட் லூயிசின் ஏழைகள் பகுதியில், ஒரு நடனக் கூடத்தின் மாடியிலிருந்த சிறிய அறையில், பத்துப் பிரதிநிதிகள் கூடினர். அவர்கள் பின்னால் இருந்தவர்கள் 286 உறுப்பினர்கள். அங்கே பிறந்த சங்கம்தான் பின்னர் சர்வதேச மின் தொழிலாளர் சகோதரத்துவம் எனப் பெயர் பெற்றது. மின்னல் கீற்றுகளை இறுகப் பற்றிய ஒரு கை அதன் சின்னமாயிற்று. தமிழில் ‘மின்’ என்ற சொல் ஆதியில் மின்னலையே குறித்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சின்னம் கூடுதலாக ஒன்று சொல்லும். பற்றிய கை விடாது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவர்?

கூலி உயர்வு மட்டுமே அவர்கள் கோரிக்கையாக இருந்திருந்தால் இந்தக் கதையில் அவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுக்க வேண்டியதில்லை. இறந்த உறுப்பினரைக் கண்ணியமாக அடக்கம் செய்ய வழி, முறையான தொழிற்பயிற்சி, பாதுகாப்பான வேலைமுறை ஆகியவை அவர்களது தொடக்ககாலக் கவலைகள். கம்பத்தில் அடித்த பெட்டியிலிருந்து சங்கத்தின் நிதிக்கு வந்தது பெரிய நகர்வு. முன்னது இரக்கம், பின்னது உரிமை.

மில்லர் சங்கத்தின் முதல் தலைவர். தலைவரான பின்பும் கம்பத்தில் ஏறியே பிழைத்தார். 1896 ஜூலையில், வாஷிங்டன் நகரில், புயலுக்குப் பின் இரவில் கம்பிகளைச் சீர்செய்துகொண்டிருந்தபோது 2,200 வோல்ட் மின்சாரம் தாக்கிக் கம்பத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 43. அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் அவரது சமாதி இருக்கிறது. சங்கத்தினர் இன்றும் அங்கு சென்று மலர் வைக்கின்றனர். ஆநிரை மீட்கப் போய் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிப் பெயரும் பீடும் எழுதிய மரபு நம்முடையது. அந்த மரபில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கல்லின் பொருள் விளங்கும்.

* * *

சங்கம் கேட்கத் தொடங்கிய பின் அறிவியலும் மெல்லத் திரும்பியது. 1913இல் அமெரிக்கத் தரநிர்ணய அலுவலகம், மின்கம்பிகளில் வேலை செய்வோருக்கான விதிகளை ஆராயத் தொடங்கியது. 1914இல் முதல் விதிகள் வெளிவந்தன.

வியன்னாவில் ஸ்டெஃபான் யெல்லினெக் என்ற மருத்துவர் மின்விபத்துகளைத் தம் வாழ்நாள் ஆய்வாகவே எடுத்துக்கொண்டார். கருகிய காலணி, உருகிய கருவி, தாக்குண்ட உடலின் மெழுகு வார்ப்பு என அவர் சேர்த்தவை ஓர் அருங்காட்சியகமே ஆயின. மின்சாரம் தாக்கியவர் செத்துவிட்டதுபோல் தோன்றலாம், அது பல சமயம் தோற்றமே, மூச்சைத் திரும்பக் கொடுக்கும் முயற்சியைக் கைவிடாதீர்கள் என்பதே அவர் ஓயாமல் சொன்ன செய்தி. 1931இல் அவர் வெளியிட்ட நூலில் 132 வண்ணப் படங்கள் மூலம் விபத்துகளை விளக்கினார். எழுத்தறியாத தொழிலாளியையும் எட்ட வேண்டும் என்ற அக்கறை படங்களில் தெரிகிறது. யூதரான அவர் நாஜிகளுக்குத் தப்பி ஆக்ஸ்ஃபோர்டில் அடைக்கலம் புக நேர்ந்தது.

அமெரிக்காவில் கம்பியாளர்களின் சாவுகள் மின்நிறுவனங்களையும் ஒரு கட்டத்தில் கவலைகொள்ள வைத்தன. அவற்றின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கூவன்ஹோவன் ஆய்வு செய்தார். அவர் மருத்துவர் அல்லர், மின்பொறியியல் பேராசிரியர். மின்சாரத்தால் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மீண்டும் மின்சாரத்தாலேயே ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவியை அவரது குழு உருவாக்கியது. அந்தக் கருவியின் தகடுகளை மார்பில் அழுத்தும்போதே இரத்த அழுத்தம் சற்று உயர்வதை அக்குழுவின் நிக்கர்பாக்கர் கவனித்தார். கருவியே இல்லாமல், இரண்டு கைகளால் மார்பை அழுத்தி இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்ற முடிவு அதிலிருந்து கிடைத்தது. 1960இல் அது மருத்துவ இதழில் வெளியாயிற்று. இன்று மாரடைப்பு வந்தவருக்குத் தெருவில் நின்றபடியே யாரோ ஒருவர் செய்யும் முதலுதவிக்கு மூலம் இதுதான். கம்பத்தில் இறந்தவர்களைக் குறித்த கேள்வியிலிருந்து, கம்பத்தையே பார்க்காத கோடிக்கணக்கானோருக்கு உயிர் கிடைத்தது.

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், எங்கள் தெரு அண்ணனின் ‘பிடிச்சுக்கும், விடாது’ என்பதை எண்ணாக மாற்றினார். தாமாக முன்வந்த 134 ஆண்களும் 28 பெண்களும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்ள, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டினார். எந்த அளவுவரை ஒருவரால் தாமே கையை விட முடிகிறது என்பதே சோதனை. சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றில் ஓடும் மின்னோட்டத்தில் பதினாறில் ஒரு பங்கு! அந்த எல்லையைத் தாண்டினால் கை நம் சொல்லைக் கேட்காது.

எல்லை தெரிந்தபின் காவலை அமைக்க முடிந்தது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால், குறைந்தது எங்கோ கசிகிறது. ஒருவேளை ஒரு மனிதனின் உடல் வழியாக. அந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் மின்விபத்துகள் பெரும் கவலையாக இருந்தன. அவற்றுக்காக ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955இல் இத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். மறு ஆண்டே இருபது மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவை உணரும் மாதிரியை உருவாக்கினார். டால்சியல் 1961இல் ஐந்து மில்லி ஆம்பியர் கசிவிலேயே, ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள், துண்டிக்கும் கருவியை அமைத்தார். 1970களில் அமெரிக்கக் கட்டுமானத் தளங்களில் இத்தகைய காப்பு விதியாயிற்று. பியூஸ் கட்டடத்தைக் காத்தது. இந்தக் கருவி மனிதனைக் காக்கவென்றே பிறந்தது. நம் வீடுகளில் ஈ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் வழங்குபவை இதன் உறவினங்கள். சோதித்துப் பார்க்க அதில் ஒரு பொத்தான் உண்டு. நம்மில் எத்தனை பேர் அதை அழுத்திப் பார்த்திருக்கிறோம்?

* * *

1967 ஜூலை 17. ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரம். மின்கம்பம் ஒன்றில் ராண்டல் சாம்பியன் என்ற கம்பியாளர் உயர் அழுத்தக் கம்பி பட்டு மூச்சின்றித் தலைகீழாகத் தொங்குகிறார். இடுப்பு வார் அவரை விழாமல் பிடித்திருக்கிறது. கீழே ஓடிக்கொண்டிருந்த ஜே. டி. தாம்சன் என்ற சக தொழிலாளி கம்பத்தில் ஏறி, அவர் தலையை ஒரு கையால் தாங்கி, வாயோடு வாய் வைத்து ஊதுகிறார். நாடித் துடிப்பு தெரிகிறது. பிறகு கீழே இறக்கி மற்ற முதலுதவியைச் செய்கிறார்கள். ராக்கோ மொராபிட்டோ என்ற செய்திப்படக்காரர் அந்தக் கணத்தைப் பிடித்தார். மறு ஆண்டு அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. சாம்பியன் பிழைத்தார், 2002 வரை வாழ்ந்தார்.

ஃபீக்ஸ் கிடந்த கம்பத்தையும் சாம்பியன் தொங்கிய கம்பத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் உயர் அழுத்தக் கம்பி. இரண்டிலும் அசைவற்ற ஓர் உடல். முதற்காட்சியில் கீழே ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். என்ன செய்ய வேண்டுமென்று எவருக்கும் தெரியவில்லை. இரண்டாவதில் ஒருவர் ஏறுகிறார், அவருக்குத் தெரிந்திருக்கிறது. இடுப்பு வார் யாரோ வற்புறுத்தியதால் வந்தது. முதலுதவியை யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். கம்பத்தில் ஒருவன் தனியாக இல்லை, கூப்பிடு தூரத்தில் கூட்டாளிகள் இருந்தார்கள். இடைப்பட்ட எழுபத்தெட்டு ஆண்டுகளில் மின்சாரம் மாறவில்லை. அதன் பக்கத்தில் நிற்கும் மனிதனுக்குத் தெரிந்தது என்ன, அவனோடு யார் நிற்கிறார்கள் என்பவை மாறியிருந்தன.

சட்டம் இதைவிடத் தாமதமாக வந்தது. பழுதுபார்க்கும் நேரத்தில் இயந்திரத்தின் மின்இணைப்பைத் துண்டித்து, வேறெவரும் போடாதபடி பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட வேண்டும் என்ற அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி 1989 செப்டம்பரில் வெளியானது. ஃபீக்ஸ் இறந்து நூறாண்டு நிறைய ஒரு மாதம் இருந்தது. அதுவும் பொதுவான தொழிற்சாலைகளுக்கே. ஃபீக்ஸைப் போலக் கம்பத்தில் ஏறுபவர்களுக்கான தனி விதி வந்தது 1994இல்.

* * *

நம் நாட்டில் இந்தப் பாடங்கள் எழுத்தில் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளைப் புரட்டினால் வியப்பாக இருக்கும். கம்பியில் வேலை செய்பவருக்குக் கையுறை, ரப்பர் காலணி, இடுப்பு வார், தலைக்கவசம், எர்த் செய்யும் கருவி, கம்பியைச் சோதிக்கும் கருவி அனைத்தும் தரப்பட வேண்டும் என்கிறது. டிரான்ஸ்பார்மரில் நாம் பார்க்கும் மண்டையோடும் எலும்பும் வரைந்த ‘அபாயம்’ பலகையும் அவ்விதிகளின் கட்டளை. மின்தாக்குற்றவரை மீட்கும் முறை தொழிற்சாலைகளிலும் துணைமின்நிலையங்களிலும் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும், அதுவும் அந்த மாவட்டத்தின் மொழியில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. அவ்விதிகளின் இடத்தில் 2010இலும் 2023இலும் புதிய ஒழுங்குமுறைகள் வந்தும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. தமிழில் எழுதப்பட்ட உயிர்காக்கும் உரைநடை என்று பார்த்தால் அந்தச் சுவரொட்டியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதை எந்தப் பாடத்திட்டத்திலும் நாம் வைத்ததில்லை.

ஆனாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். வயலில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்தவர்கள், கட்டட வேலையில் இரும்புக் கம்பியைத் தூக்கியவர்கள், கம்பத்தில் ஏறிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் எனப் பலரும் இதில் அடக்கம். விதி இருக்கிறது, கையுறை அலமாரியில் இருக்கிறது அல்லது அதுவும் இல்லை. வேலைக்கு முன் துணைமின்நிலையத்தில் ‘லைன் கிளியர்’ வாங்க வேண்டும், இருபுறமும் எர்த் போட வேண்டும் என்பதை நம் லைன்மேன்கள் எல்லோரும் அறிவார்கள். ‘சீக்கிரம் கரண்ட் கொடுங்கள்’ என்று தொலைபேசியில் கத்துகிறவர்களும் நாம்தான்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் கல்லூரி வாசலில் மின்கம்பி அறுந்தது. இரண்டு மணி நேரம் கழித்து இருவர் வந்தனர். ஒருவர் ஏறத் தயாரானார்; மற்றவர் அவரை நிறுத்தி, கைபேசியில் யாரிடமோ ஒரு முறைக்கு இரு முறை கேட்டு உறுதி செய்தார். பிறகு நீண்ட கோலால் கம்பிகளை எர்த் செய்தார். அதன் பின்பே “இப்ப ஏறுப்பா” என்றார். சுற்றி நின்றவர்களில் ஒருவர், “இதுக்கு இவ்வளவு நேரமா?” என்று அலுத்துக்கொண்டார். கீழே நின்ற லைன்மேன் பதில் சொல்லவில்லை. மேலே இருப்பவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். நானும் குடையைப் பிடித்தபடி, அந்த வேலை முடியும்வரை அங்கேயே நின்றேன்.